முப்பது மீட்டர் ஆழத்தில் உடம்பு ஏன் நசுங்குவதில்லை, மேலே வரும்போது ஏன் அவசரம் கூடாது

"முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு என்கிறார்கள், அப்படியானால் உடம்பு நசுங்காதா? ஏதாவது ஆபத்து என்றால் சட்டென்று மேலே வந்துவிடுவதுதானே நல்லது, ஏன் மெதுவாக வரச் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஆபத்து அழுத்தத்தில் இருக்கிறதா, அழுத்தம் மாறுவதில் இருக்கிறதா? மாறுவதில்தான். முப்பது மீட்டரில் அசையாமல் மிதந்துகொண்டிருப்பவருக்கு அந்த நான்கு மடங்கு அழுத்தம் உறைப்பதே இல்லை. அதே ஆள் மூன்று மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் உயிர் போகலாம்.

முதலில் எண்கள். கடல்மட்டத்தில் காற்று நம்மீது செலுத்தும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். கடல்நீரில் 10 மீட்டர் இறங்கினால் இன்னொரு பார் சேரும்; நன்னீர் சற்று லேசு என்பதால் அங்கே 10.3 மீட்டர் இறங்க வேண்டும். ஆக 10 மீட்டரில் 2 பார், 20-ல் 3, 30-ல் 4, 40-ல் 5. நம் சதையும் ரத்தமும் பெரும்பாலும் நீர். நீர் எளிதில் அமுங்காது. அழுத்தம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் வந்து உள்ளேயும் அப்படியே பரவிவிடுவதால் நசுங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அமுங்குவது வாயு மட்டும்: நுரையீரல், நடுக்காது, முகத்தெலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் அறைகள், மாஸ்க்குக்குள் சிக்கிய காற்று, குடல்வாயு. அழுத்தம் இரண்டு மடங்கானால் வாயுவின் கொள்ளளவு பாதியாகும் என்று ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதிதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேற்பரப்பில் 12 லிட்டர் காற்றடைத்த பையைக் கீழே கொண்டுபோனால் 10 மீட்டரில் 6 லிட்டர், 20-ல் 4, 30-ல் 3, 40-ல் 2.4. இந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். 40-லிருந்து 30-க்கு வருவதற்குள் பை கால் பங்குதான் பெருக்கிறது. கடைசிப் பத்து மீட்டரில் இரண்டு மடங்காகிறது. ஆழம் குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்ற நினைப்பு தவறாகப் போவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் நுரையீரலும் கால் பங்காகச் சுருங்கிவிடாதா என்று கேட்கலாம். மூச்சடக்கி மூழ்குபவருக்குச் சுருங்கத்தான் செய்யும். சிலிண்டரைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபாவில் அதைத் தடுப்பது ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 பாரில் இருக்கும் காற்றை அதன் முதல் பகுதி, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் கவ்வியிருக்கும் இரண்டாம் பகுதி மீதியையும் குறைத்து, அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சரிசமமாகக் கொடுக்கிறது. அதனால்தான் எந்த ஆழத்திலும் நெஞ்சு இயல்பாக விரிகிறது. நீளமான குழாயை மேலே நீட்டி மூச்சு விடலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் 1,000 கிலோ சுமை. மார்பின் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், ஒவ்வொரு மூச்சுக்கும் 100 கிலோவைத் தள்ளி எழுப்ப வேண்டும். நீரின் மேல்மட்டத்தில் நீந்துபவர்கள் வாயில் வைத்துக்கொள்ளும் ஸ்னார்கல் குழாய்கள் ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம்.

ரெகுலேட்டர் செய்யும் இந்த உதவி சும்மா வருவதில்லை. 30 மீட்டரில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மூச்சுக் காற்று அடங்கியிருக்கிறது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவர் அங்கே 80 லிட்டர் செலவழிப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர். முழுதும் காலியாக அரை மணி நேரம் போதும். இன்னொரு விலையும் உண்டு. அழுத்தத்தால் நெருக்கமாகிவிட்ட நைட்ரஜன் 30 மீட்டர் வாக்கில் லேசான போதை தரத் தொடங்கும். பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர் என்று எல்லை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சில மீட்டர் மேலே வந்தாலே தெளிந்துவிடும். ஆக்சிஜனும் அளவு மீறினால் நஞ்சு: அதன் பங்கழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரிய பங்கு, 1.4 பாரைத் தாண்டக் கூடாது. சாதாரணக் காற்றில் அந்த எல்லை 56 மீட்டருக்குக் கீழேதான் வரும். ஆனால் 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் கலவையில் 34 மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். எந்தச் சிலிண்டரில் என்ன கலவை என்று இறங்குவதற்கு முன் அளந்து பார்ப்பது அதனால்தான்.

இறங்கும்போது முதலில் முறையிடுவது காது. நடுக்காதிலிருந்து தொண்டையின் பின்பக்கம் போகும் யூஸ்டேஷியன் குழாய் சாதாரணமாக மூடியே இருக்கும். அதைத் திறந்து உள்ளே காற்றை விட்டால்தான் செவிப்பறையின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதுவது பரவலான முறை. மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குவது இன்னொன்று. இதை வலி வந்த பிறகு செய்யக் கூடாது. மேற்பரப்பிலேயே ஒருமுறை செய்துவிட்டு, முதல் சில மீட்டர்களில் அரை மீட்டருக்கு ஒருமுறை தொடர வேண்டும். சமன் செய்யாமலே ஒன்றரை மீட்டர் போய்விட்டால் குழாயின் வாய் அழுத்தத்தால் ஒட்டிக்கொள்ளும். அப்போது பலமாக ஊதினால் குழாய் திறக்காது. உள்காதின் மெல்லிய சவ்வுதான் கிழியும். ஒரு மீட்டர் மேலே ஏறி, மறுபடி மெல்ல முயல வேண்டும். காலைக் கீழே வைத்து நிமிர்ந்த நிலையில் இறங்கினால் பலருக்கு எளிதாக வரும். செவிப்பறை கிழிந்தால் குளிர்ந்த நீர் ஒரு பக்க நடுக்காதில் புகுந்து உலகமே சுழலும். கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருந்தால் அந்த நீர் சூடேறியதும் சுழற்சி அடங்கும். சளி இருக்கும்போது மருந்து போட்டுக்கொண்டு இறங்குவது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். மருந்தின் வேகம் தண்ணீருக்கடியில் தீர்ந்துவிட்டால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது வலிக்கும். அப்போது சற்றுக் கீழே இறங்கி, தாடையை அசைத்து, பிறகு இன்னும் மெதுவாக ஏற வேண்டும். காதில் அடைப்பான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இன்னொரு மூடிய காற்றறையை உண்டாக்கிவிடும்.

மாஸ்க்குக்கு மூக்கு வழியாக அவ்வப்போது கொஞ்சம் காற்று விட்டால் போதும். விடாவிட்டால் கண்ணின் வெள்ளை ரத்தச் சிவப்பாகும். மூக்கை வெளியே விடும் நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைவ் செய்ய முடியாது என்பதும் இதனால்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மேலே வருவதில் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, நுரையீரலில் சிக்கிய காற்று விரிவது. இது நொடிகளில் நடக்கும். ஆழமும் நேரமும் இதற்குப் பொருட்டே இல்லை. மற்றது, உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாவது. இது எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைப் பொறுத்தது. முதலாவதற்கு மருந்து மூச்சு, இரண்டாவதற்கு மருந்து வேகக் கட்டுப்பாடு.

முதலாவதைப் பார்ப்போம். 10 மீட்டரில் ரெகுலேட்டரிலிருந்து நெஞ்சு நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. காதைப் போல அது முன்கூட்டியே வலித்து எச்சரிக்கவும் செய்யாது. காற்றுப்பைகள் கிழிந்து, வெளியேறும் காற்று மார்புக்கூட்டுக்குள் புகுந்து நுரையீரலை ஒடுக்கலாம். கழுத்துத் தோலுக்கடியில் ஏறி, தொட்டால் நெறுநெறுக்கலாம். எல்லாவற்றையும்விட மோசமாக, ரத்தக்குழாயில் நுழைந்து இதயம் வழியே மூளைக்குப் போய் அடைக்கலாம். அப்படி அடைத்தால் மேலே வந்த சில நிமிடங்களுக்குள் நினைவு தப்பும் அல்லது ஒரு பக்கம் செயலிழக்கும். நெஞ்சு முழுக்க நிரம்பியிருந்தால் ஒரு மீட்டர் சொச்ச ஆழமே இதற்குப் போதும். நீச்சல்குளப் பயிற்சியிலேயே இது நேர்ந்திருக்கிறது. மூச்சடக்கி மூழ்குபவர்களுக்கு ஏன் இப்படி ஆவதில்லை? அவர்கள் மேலே இழுத்த காற்றோடு இறங்குகிறார்கள். சுருங்கிய காற்று திரும்பி வரும்போது பழைய அளவைத்தான் அடையும். ஸ்கூபாவில் கீழே இருக்கும்போதே அழுத்தமான காற்றை நிரப்பிக்கொள்கிறோம். ஆகவே பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தரும் விதி: மூச்சை ஒருபோதும் பிடிக்காதே. ரெகுலேட்டர் வாயிலிருந்து விலகியிருக்கும் நேரத்தில்கூட "ஆ" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே காற்றை விட்டபடி இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்துக்கு எல்லோரும் சோடா பாட்டிலைத்தான் உவமை சொல்வார்கள். அது பாதிதான் சரி. மூடியைத் திறந்ததும் சோடா பொங்கிவிடும். உடலோ ஓரளவு மிகைச் சுமையைப் பொங்காமலே தாங்கும். அந்த ஓரளவு எவ்வளவு என்பதே கடந்த நூறு ஆண்டு ஆராய்ச்சியின் கேள்வி. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. அழுத்தம் கூடும்போது அது ரத்தத்தில் கரைந்து திசுக்களில் சேர்கிறது. ரத்த ஓட்டம் மிகுந்த உறுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். கொழுப்பும் மூட்டுகளும் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். காலியாவதும் அதே வரிசையில்தான், ஆனால் குமிழ் உண்டாகிவிட்டால் இன்னும் தாமதமாகும். காலையில் ஒரு டைவ் முடித்தவர் மதியம் இறங்கும்போது பழைய பாக்கியோடுதான் இறங்குகிறார்.

பால வேலைக்காக அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் ஆற்றடியில் தோண்டிய தொழிலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் மூட்டு மடங்கி, முடங்கி விழுந்தபோது இந்த நோய் கண்ணில் பட்டது. நைட்ரஜன் குமிழே காரணம் என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர் 1878-ல் நிறுவினார். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908-ல் முதல் அறிவியல் அட்டவணையை வெளியிட்டார். உடலை 5, 10, 20, 40, 75 நிமிட வேகத்தில் பாதி நிரம்பும் ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்தது அவர் முறை. இன்றைய டைவ் கம்ப்யூட்டர்களில் பல, சுவிஸ் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மான் வகுத்த 16 திசு மாதிரியைப் பின்பற்றுகின்றன. அடிப்படை மட்டும் ஹால்டேனுடையதே. அந்தக் கருவி உங்கள் ரத்தத்தை அளப்பதில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆழத்தையும் நேரத்தையும் மட்டும் அளந்து, உங்கள் உடலில் என்ன நடக்கலாம் என்று கணக்குப் போடுகிறது.

நடைமுறையில் இரண்டு கட்டுப்பாடுகள். முதலாவது நேரம்: இடையில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் நேராக மேலே வரக்கூடிய அளவுக்குள் கீழே இருப்பது. பொழுதுபோக்கு டைவிங்கில் பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணையில் முதல் டைவுக்கு 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் 9 நிமிடம். இரண்டாவது வேகம். வெகுகாலம் நிமிடத்துக்கு 18 மீட்டர் என்று இருந்தது. அந்த எண் நீச்சல் வீரர்களின் வசதிக்கும் தலைக்கவசம் போட்டு இறங்கியவர்களின் வசதிக்கும் இடையில் எட்டிய சமரசம், உடலியல் சோதனையில் கிடைத்ததல்ல. இப்போது 9 அல்லது 10 மீட்டருக்குள் வைத்துக்கொள்வதே வழக்கம். அதோடு 5 மீட்டர் ஆழத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் நிற்பது, அதாவது சேஃப்டி ஸ்டாப். அழுத்த மாற்றம் மிகக் கடுமையாக இருக்கும் அந்தக் கடைசிப் பகுதிக்குள் நுழைவதற்கு முன் வேகமான திசுக்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பதே அதன் நோக்கம். நிறுத்தம் முடிந்ததும் பலர் விர்ரென்று மேலே போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த டைவிலும் மிக நிதானம் வேண்டியது அந்த ஐந்து மீட்டரில்தான். அதற்கு ஒரு நிமிடம் கொடுக்கலாம்.

வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும், காற்றை விட்டும் எடுத்தும் மிதப்பைச் சரிசெய்யும் மிதவை ஜாக்கெட்டில் இருக்கும் காற்று. 30 மீட்டரில் சமநிலைக்காக அதில் 3 லிட்டர் விட்டிருந்தால், 10 மீட்டருக்கு வரும்போது அது 6 லிட்டர். அதாவது 3 கிலோ எடையைத் தூக்கும் கூடுதல் விசை. உடலோடு ஒட்டிய ரப்பர் உடையான வெட்சூட்டும் கூடவே உப்பிப் பெருக்கும். ஏறத் தொடங்கியபின் வேகம் வேகத்தை வளர்க்கும். அதனால் மேலே வரும் சைகை கொடுத்து, கூட்டாளியின் பதில் கிடைத்ததும், நிமிர்ந்து, ஜாக்கெட்டின் காற்றுக் குழாயை இடக்கையால் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, துடுப்புக்காலால் மட்டும் ஏற வேண்டும். சிறிது சிறிதாகக் காற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும். மேலே போக ஜாக்கெட்டில் காற்றை நிரப்புவது தவறு. தலைக்கு மேல் படகு இருக்கிறதா என்று பார்த்தபடி ஏற வேண்டும். கட்டுப்பாடு தப்பினால் மூச்சை விட்டபடி, கைகால்களை விரித்துத் தட்டையாகி, ஜாக்கெட்டிலிருந்து காற்றை வெளியேற்றும் திறப்பான் எல்லாவற்றையும் இழுத்துவிட வேண்டும்.

மிதந்துவிடாமல் இருக்க உடம்பில் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டியின் கணக்கையும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம், டைவில் செலவாகும் 1,800 லிட்டருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் எடை. டைவ் தொடங்கும்போது சரியாக இருந்த எடை முடியும்போது அவ்வளவு குறைந்துவிடும். 50 பார் மீதமிருக்கும் சிலிண்டரோடு 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்பதே சரியான சோதனை. முழுச் சிலிண்டரோடு பார்த்து எடையைக் குறைத்துக்கொண்டவர்கள் சேஃப்டி ஸ்டாப்பில் நிற்க முடியாமல் மேலே மிதந்து போவார்கள்.

காற்று தீர்ந்துபோனால்? அழுத்தமானியில் 50 பார் வந்ததும் கிளம்பலாம் என்பது தவறான பழக்கம். 30 மீட்டரிலிருந்து ஒருவர் நிதானமாக, நிறுத்தத்தோடு வர ஏழு நிமிடம், ஏறக்குறைய 280 லிட்டர் ஆகும்; 12 லிட்டர் சிலிண்டரில் அது 23 பார்தான். ஆனால் கூட்டாளியின் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில், பதற்றத்தில் இரு மடங்கு மூச்சு வாங்கினால் நான்கு மடங்காகும். கீழே சுதாரிக்கப் போகும் ஒரு நிமிடத்துக்கு இன்னொரு 320 லிட்டர். மொத்தம் 1,440 லிட்டர், 120 பார். சேஃப்டி ஸ்டாப்பைத் தவிர்த்தாலும் 90 பார் வேண்டும். அந்த ஆழத்திலிருந்து கிளம்ப வேண்டிய புள்ளி அதுதான். 50 பார் என்பது படகில் ஏறும்போது கையில் இருக்க வேண்டியது. எல்லாம் கைவிட்டு, கூட்டாளியும் அருகில் இல்லாமல், ஆழம் பத்து மீட்டருக்குள் இருந்தால் ரெகுலேட்டரை வாயிலேயே வைத்து, "ஆ" என்று விட்டுக்கொண்டே நீந்தி ஏறலாம். அழுத்தம் குறையக் குறைய சிலிண்டரில் எஞ்சியிருக்கும் காற்று ஒன்றிரண்டு மூச்சு தரக்கூடும். இத்தகைய நேரத்தில் இரண்டு ஆபத்தும் ஒன்றோடொன்று மோதினால் முன்னுரிமையில் ஐயமில்லை: மூச்சை விடுவது முதல், வேகம் அடுத்தது, சேஃப்டி ஸ்டாப் கடைசி. நீரில் மூழ்கி இறப்பதைவிட நைட்ரஜன் குமிழுக்குச் சிகிச்சை எடுப்பது மேல்.

இதுவரை சொன்னவற்றில் பாயில் விதி, மூச்சைப் பிடிக்காமை, வேகக் கட்டுப்பாடு ஆகியவை உறுதியானவை. ஐயத்துக்கு இடமுள்ளவையும் உண்டு. பாதி ஆழத்திலேயே ஒரு நிறுத்தம் போட்டால் நல்லது என்று சில காலம் பரவலாக நம்பப்பட்டது. நிறுத்தங்களை ஆழத்தில் போட்டவர்களுக்கே நோய் அதிகம் வந்தது என்று அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2011-ல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. காரணம் யோசித்தால் விளங்கும்: கீழே நிற்கும்போது மெதுவான திசுக்கள் இன்னும் நைட்ரஜனை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஆக மெதுவாக ஏறுவது வேறு, கீழே தாமதிப்பது வேறு. எல்லா எல்லைகளுக்குள்ளும் இருந்தவருக்கும் நோய் வருவதுண்டு. அருகில் அதே டைவ் செய்தவருக்கு ஒன்றும் ஆகாது. நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, பிறந்தபின் முழுதும் மூடாத சிறு துளை இருக்கிறது; நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழ்கள் அதன் வழியே தப்பலாம். ஆனால் அந்தத் துளை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் நேர்வதில்லை. கீழே கதகதப்பாக உழைத்து, மேலே வரும்போது குளிர்ந்து விறைப்பது கெடுதல் என்பதற்கு நல்ல சான்று உண்டு; உடலில் நீர்ச்சத்து குறைவதைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆஸ்துமா, நுரையீரல் அறுவைச் சிகிச்சை, வலிப்பு போன்றவை உள்ளவர்களின் நிலையை இதைப் படித்து முடிவு செய்ய வேண்டாம். டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

மேலே வந்தபின் தோள், முழங்கை மூட்டில் ஆழமான வலி, மரத்துப்போதல், கால் தளர்ச்சி, தோலில் நீலச்சிவப்புத் திட்டு, தலைசுற்றல், சிறுநீர் பிரியாமை, காரணமற்ற கடும் சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் நைட்ரஜன் நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தெரியும். "தசைப்பிடிப்பாக இருக்கும்" என்று தள்ளிப்போடுவதே வழக்கமான பிழை. படுக்க வைத்து, நூறு விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்து, நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்க வைத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆக்சிஜனில் வலி மறைந்தாலும் போக வேண்டும். திரும்பவும் கடலுக்குள் இறக்கிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. அழுத்த அறையில் 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான 2.8 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோய், ஆக்சிஜன் கொடுத்தபடி படிப்படியாகக் குறைப்பார்கள். வழக்கமான முறைக்கு 4 மணி 45 நிமிடம் பிடிக்கும். எதுவும் ஆகாதவர்களும் ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம், கட்டாய நிறுத்தங்களோடு வந்த டைவ் என்றால் அதற்கும் மேல், விமானம் ஏறாமல் இருக்க வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் 2,000 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்றது; உயரமான மலைச்சாலையில் வண்டி ஏறினாலும் இதே கணக்குத்தான்.